மாமி வைத்த நேர்த்தி

லண்டனில் மோர்டனுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் முப்பது வயது மதிக்கத்தக்க தோழிகள் இருவர் இருந்தார்கள். வேறு யாருக்கும் தமிழ் தெரியாது என்று நினைத்தார்கள் போலும். ஜன்னலோரம் இருந்தவள் சத்தமாகவே சொன்னாள்:

"பிள்ளை வேணுமெண்டு மாமி மாதாவுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறா. மாதா பாவம். நாங்கள் இன்னும் தனித்தனியாத்தான் படுக்கிறம்."

"விசர்க் கதை கதைக்காதையடி! கலியாணம் முடிஞ்சு ஒரு வருசமெல்லே?"

"ஓம். எனக்குப் பயமாக் கிடக்குதெண்டு முதல் நாளே சொன்னன். 'எனக்கும் பயந்தான்' எண்டிட்டுத் தேத்தண்ணி போட்டுத் தந்தார்."

"நல்ல சோடிதான்! எங்கட வயசில கனபேர் இப்பிடித்தானாம். ஷிப்ட், போன், நித்திரை."

"சிரிக்காதை. ஞாயிறு பூசை முடிய, கோயில் வாசலில வைச்சு மாமி என்னை டொக்டரிட்டைப் போய்க் காட்டச் சொன்னா. எல்லாச் சனமும் திரும்பிப் பாத்துது. எனக்கு அழுகை வந்திட்டுது. இவர் டக்கெண்டு, 'அம்மா, அவளில ஒரு குறையும் இல்லை. நான்தான் இன்னும் ரெடியில்லை' எண்டார்."

தோழியின் சிரிப்பு நின்றது.

"அவ்வளவு சனத்துக்கு முன்னாலயோ?"

"ஓமடி. ஒரு ஆம்பிளை வாயால."

"நீ என்ன சொன்னனி?"

"நன்றி சொல்லவும் வெக்கமாக் கிடந்தது. காருக்குள்ள ஏறினதும் அவற்ர கையைப் பிடிச்சன். வீடு வந்தும் இரண்டு பேரும் இறங்கேல்லை."