புதிய செய்தி எதுவும் இல்லை

மனைவி: ...இல்லைங்க, சின்ன எழுத்து இல்ல. பெரிய எழுத்து.

கணவன்: ஓ-வா, பூஜ்யமா? முதல்ல அதைச் சொல்லு.

மனைவி: வட்டமா இருக்கு. மேல ஒரு கோடு போகுது. பக்கத்துல ஏதோ புழு மாதிரி நெளியுது...

கணவன்: மூக்குக் கண்ணாடிக் கடையில உக்காந்து நாள் பூரா ஊருக்கே எழுத்துப் பலகை காட்டுற. உனக்கு ஒரு எழுத்து தெரியலையா?

மனைவி: எங்க கடை எழுத்து நேரா நிக்கும். இது மழையில நனைஞ்சுட்டு வந்த மாதிரில்ல நிக்குது.

கணவன்: சரி, ஓ-ன்னே போடுறேன். ... தப்பாம்.

மனைவி: பூஜ்யம் போட்டிருக்கலாம்.

கணவன்: இப்ப சொல்லு. இந்தா, படம் வந்துருச்சு. சைக்கிள் இருக்கிற கட்டத்தை எல்லாம் தொடணுமாம். நான் மனுஷன்தான்னு அப்பதான் நம்புவானாம்.

மனைவி: அந்த ஓரத்துல பாருங்க... ஒரு சக்கரம் மட்டும் தெரியுது.

கணவன்: சக்கரம் மட்டும் இருந்தா அது சைக்கிளா?

மனைவி: உங்க பட்டறையில ஒரு கால் மட்டும் செஞ்சு வச்சா நாற்காலின்னு சொல்லுவீங்களா?

கணவன்: சொல்ல மாட்டேன். ஆனா வாங்க வந்தவர்கிட்ட, நாற்காலி ஆகிட்டு இருக்குன்னு சொல்லுவேன்.

மனைவி: அப்ப தொடுங்க.

கணவன்: ... ஒத்துக்கிட்டான். நான் மனுஷன்தான்.

மனைவி: கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கே இன்னிக்குத்தான் உறுதியாச்சு.

கணவன்: பேச்சைப் பாரு. கடவுச்சொல்லு என்ன வச்சோம்?

மனைவி: நீங்கதானே வச்சீங்க.

கணவன்: போன மாசம் வச்சது காலாவதி ஆகி, வேற வச்சோம்ல. எண் இருக்கணும், பெரிய எழுத்து இருக்கணும், ஒரு நட்சத்திரம் இருக்கணும்னு படுத்துனானே...

மனைவி: பாத்து அடிங்க. உளி பிடிக்கிற விரல், ஒண்ணைத் தொட்டா ரெண்டு விழுது.

கணவன்: ... தப்பு.

மனைவி: பாத்தீங்களா.

கணவன்: என்ன விஷயம்னு மெயில்லயே ஒரு வரி எழுதினா இவங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்? உங்களுக்கு ஒரு பாதுகாப்பான செய்தி வந்துள்ளது, உள்ளே வந்து படிக்கவும்... யாருகிட்டருந்து பாதுகாப்பு?

மனைவி: நம்மகிட்டருந்துதான்.

கணவன்: காலைல இந்த மெயில் வந்தப்பவே நீ திறந்து பாக்கலையா?

மனைவி: எங்கங்க... கடைக்கு ஓடுற அவசரத்துல. நீங்க?

கணவன்: எனக்கு மட்டும் பட்டறையில எங்க நேரம்.

மனைவி: ம்.

கணவன்: சரி, மறுபடி அடிக்கிறேன். ... ஆ, போகுது. மெயிலுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கானாம். உன் போன்ல பாரு.

மனைவி: இருங்க... வட்டம் சுத்துது... வந்துருச்சு. ஏழு... ஒண்ணு...

கணவன்: ஏழு, ஒண்ணு. அப்புறம்?

மனைவி: நாலு... இல்ல, ஒன்பது. ஒன்பதுதான்... நினைக்கிறேன்.

கணவன்: நினைக்கிறியா?

மனைவி: ஒன்பது. எட்டு. போடுங்க.

கணவன்: ... போச்சு. பலமுறை தவறான முயற்சி, உங்கள் கணக்கு பூட்டப்பட்டுள்ளது, அரை மணி நேரம் கழித்து வரவும்.

மனைவி: வரவும்னு மரியாதையாத்தான் சொல்லியிருக்கான்.

கணவன்: மரியாதையை வச்சு என்ன பண்றது. ... விளக்கைப் போடட்டுமா?

மனைவி: வேண்டாம். தலையணையை இப்படித் தள்ளுங்க. கொஞ்ச நேரம் இருட்டுலயே கிடக்கலாம்.

கணவன்: மழை விட்டிருச்சா?

மனைவி: விட்டிருச்சு. ஜன்னல் மட்டும் சொட்டிட்டு இருக்கு.

கணவன்: ...

மனைவி: தூங்கிட்டீங்களா?

கணவன்: இல்ல. கண்ணை மூடினா அந்த வட்டம் சுத்துது.

மனைவி: எனக்கும்தான். மெதுவா... கிணத்துக்குள்ள எட்டிப் பாக்கிற மாதிரி.

கணவன்: எனக்கு அதுக்கு நடுவுல யாரோ நிக்கிற மாதிரி இருக்கு.

மனைவி: யாரு?

கணவன்: மூஞ்சி தெரியல. முதுகு மட்டும்தான். முடி ஈரமா இருக்கு.

மனைவி: துவட்டி விட வேண்டியதுதானே.

கணவன்: கைக்கு எட்டல.

மனைவி: ... தனியாவா நிக்குது?

கணவன்: ஏன் கேக்குற?

மனைவி: சும்மா கேட்டேன். அன்னிக்கு அந்த அதிகாரி அம்மா வந்தாங்களே. இந்த ரூமை நாடா போட்டு அளந்து, அப்புறம் ஜன்னல் கம்பிக்கு நடுவுல கையை மூடி உள்ள விட்டுப் பாத்தாங்களே, ஞாபகம் இருக்கா?

கணவன்: குழந்தையோட தலை மாட்டிக்குமான்னு பாத்தாங்க.

மனைவி: அவங்க போனதுலருந்து நானும் தினமும் விட்டுப் பாக்கிறேன். தூசி தட்டுற சாக்குல.

கணவன்: எனக்குத் தெரியும்.

மனைவி: பாத்தீங்களா?

கணவன்: கம்பியில அந்த இடம் மட்டும் பளபளன்னு இருக்கு.

மனைவி: ... தத்துப் பிள்ளைக்கு எழுதிப் போட்டப்ப, ஆறே மாசம்னாங்க. எத்தனை மழை வந்து போயிருச்சு.

கணவன்: போன தடவையும் இப்படித்தான் பாதுகாப்பான செய்தின்னு வந்துது. உள்ள போய்ச் சேர ஒரு நாள் ஆச்சு. திறந்தா, உங்கள் புகைப்படம் மங்கலாக உள்ளது.

மனைவி: அதைப் படிச்சுட்டு நீங்க சோப்புப் போட்டு மூஞ்சி கழுவிட்டு வந்தீங்க.

கணவன்: நான் மங்கலா இருக்கேன்னு நினைச்சேன்.

மனைவி: சிரிக்க வைக்காதீங்க... ஏங்க.

கணவன்: ம்.

மனைவி: ஒரு குழந்தை மட்டும் வந்தா, பகல் பூரா அது யார்கூடப் பேசும்?

கணவன்: நாம இருக்கோம்ல.

மனைவி: நாம இருக்கோம். சரிதான்.

கணவன்: ஏன், இந்த ரூம்ல இன்னும் எத்தனை பேரு படுக்கலாம்னு நீ நினைக்கிற?

மனைவி: நாம ரெண்டு பேரு திரும்பிப் படுத்தாலே உங்க முழங்கை சுவத்துல இடிக்குது.

கணவன்: அதுவும் சரிதான். ஒண்ணு வந்தா... அந்த ஒண்ணை நல்லாப் பாத்துக்கலாம்.

மனைவி: ம்... பாத்துக்கலாம்.

கணவன்: அரை மணி நேரம் ஆயிருக்கும். பாக்கலாமா?

மனைவி: இன்னும் கொஞ்சம் போகட்டுமே.

கணவன்: எப்படியும் பாக்கத்தானே வேணும்.

மனைவி: சரி. இந்தத் தடவையாவது தப்பில்லாம அடிங்க.

கணவன்: நீயும் தப்பில்லாமப் படி.

மனைவி: ... நாலு, ஏழு. அப்புறம் ரெண்டு பூஜ்யம்.

கணவன்: உள்ள போயிருச்சு.

மனைவி: படிங்க.

கணவன்: வணக்கம்னு போட்டிருக்கு. உங்களுக்குப் புதிய செய்தி எதுவும் இல்லை.

மனைவி: கீழ போங்க. பழைய செய்திக்குள்ள இருக்கும்.

கணவன்: ... அங்க இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?

மனைவி: விடியக்காலையிலயே படிச்சுட்டேங்க. நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. போர்வையை இழுத்து விட்டுட்டு, சமையக்கட்டுல நின்னே படிச்சேன்.

கணவன்: என்ன போட்டிருந்துது?

மனைவி: ரெண்டு பேருங்க. அக்காவும் தம்பியும். அவளுக்கு ஏழு வயசு, அவனுக்கு நாலு. தூங்கும்போதுகூட அவன் அக்கா சட்டையைப் பிடிச்சுக்கிட்டே தூங்குவானாம். அவங்களைப் பிரிக்க மாட்டோம், ரெண்டு பேரையும் சேர்த்து ஏத்துக்க முடியுமான்னு கேட்டிருக்காங்க.

கணவன்: ம்.

மனைவி: நாம எழுதிப் போட்டது ஒண்ணுக்குத்தானே. நீங்க முடியாதுன்னு சொல்லிட்டா... அந்தச் சட்டை நுனி என் கண்ணுல இருந்து போகவே போகாது. அதான் எண்ணை மாத்திப் படிச்சேன். இன்னிக்கு ஒரு ராத்திரியாவது நீங்க அதைச் சொல்லாம இருந்தாப் போதும்னு.

கணவன்: நான் மத்தியானமே பாத்துட்டேன்.

மனைவி: என்னது?

கணவன்: போன்ல. அப்பவும் புதிய செய்தி இல்லைன்னுதான் காட்டுச்சு. நீ ஏற்கெனவே படிச்சிருக்கேன்னு தெரிஞ்சுபோச்சு.

மனைவி: தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?

கணவன்: நீயே சொல்லுவேன்னு பாத்தேன். நான் வீட்டுக்கு வந்ததுலருந்து அதைப் பத்தி நீ வாயே திறக்கல. உனக்கு மனசு இல்ல போலன்னு நினைச்சேன். நேரம் கொடுத்தா சொல்லுவியோன்னுதான் நானும் கடவுச்சொல்லைத் தப்பாவே அடிச்சேன்.

மனைவி: எனக்கா மனசு இல்ல? ஒண்ணை நல்லாப் பாத்துக்கலாம்னு சொன்னது யாரு?

கணவன்: முழங்கை இடிக்குதுன்னு சொன்னது யாரு?

மனைவி: ... ஏங்க, அப்ப உங்களுக்குச் சம்மதமா? என் பக்கம் திரும்பிச் சொல்லுங்க. எனக்காக ஒத்துக்கிறதா இருந்தா வேண்டாம்.

கணவன்: உனக்காகன்னா உன்னைக் கேட்டுட்டுல்ல செஞ்சிருப்பேன்... மத்தியானம் படிச்ச கையோட, ரெண்டு சின்னக் கட்டிலுக்குப் பலகை அறுத்து வச்சுட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.