லைனில் இருங்கள்

மேடையின் நடுநாற்காலியில் அமர்ந்து, அமர்ந்த நொடியிலிருந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! இந்தப் பிள்ளைகளைப் பெற்ற ஒரே காரணத்துக்காக முன்வரிசையில் அமர்த்தப்பட்டு, காதில் பஞ்சோடு வந்திருக்கும் தாய்மார்களே! அந்தப் பஞ்சில் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்ட தந்தையரே! முதுகு வளைந்தாலும் முகம் கோணாத பெரியோர்களே! முடியை மட்டும் நிமிர்த்தி வந்திருக்கும் இளைஞர்களே! சட்டையில் குத்த வேண்டிய ஊக்கைக் காதில் குத்திக்கொண்ட தங்கைகளே! ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே நாற்காலி பிடித்த அஞ்சாநெஞ்சர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த வணக்கத்தை நான் சொல்லி முடித்த நேரத்தில், இன்று ஆல்பம் வெளியிடும் இந்தப் பிள்ளைகளுடைய பாட்டு ஒன்று பிறந்து, கொதித்து, அடங்கி, அடுத்த பாட்டும் பாதி வந்திருக்கும். இவர்களுக்குச் சுருங்கச் சொல்லத் தெரிகிறது. எனக்குத் தெரியாது. அதனால்தான் அவர்கள் பாடுகிறார்கள், நான் பேசுகிறேன்.

பின்வரிசையில் ஒரு தம்பி, பாட்டைப் போடச் சொல்கிறார். தம்பி, கொஞ்சம் லைனில் இருங்கள்.

இந்தக் குழுவின் பாடகி என் தங்கை மகள். நால்வர் சேர்ந்து பங்க் ராக் என்னும், கத்திப் பாடும் இசையை வாசிக்கிறார்கள். என் தங்கை இதை உறவினர்களிடம் எப்படிச் சொன்னாள்? "பொண்ணு பங்க்ல இருக்கா" என்றாள். உடனே ஒருவர் பெட்ரோல் விலை குறையுமா என்று விசாரித்தார். இன்னொருவர், வெயிலில் நிற்கிற வேலையாயிற்றே, குடை கொடுத்தார்களா என்று வருத்தப்பட்டார். உண்மை தெரிந்தபின் இருவருமே, பெட்ரோல் பங்கே தேவலை என்றார்கள்.

பயிற்சி நடந்தது டிரம்ஸ் அடிக்கும் தம்பியின் அப்பாவுடைய பெயிண்ட் கடைக் குடோனில். தம்பியின் பட்டப்பெயர் இடி. அவர் ஓர் அடி அடித்தால், அடுக்கிவைத்த காலி டப்பாக்கள் எல்லாம் கூடவே அதிரும். ஆல்பத்தில் உங்களுக்குக் கேட்கப்போகும் அந்தக் கலகலப்பு கருவி அல்ல, சரக்கு.

அந்தக் குடோனுக்கு ஒருநாள் இசைக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். பாட்டுகளை ஊரெங்கும் வெளியிட அவர் தயார். அதற்கு முன்பு பாடகி மனம் மாறி, பாட்டை விட்டுவிட்டு, பகல் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் தங்கையின் பிரார்த்தனை. அந்தப் பிரார்த்தனையின் தூதுவனாக நானும் அதே நாளில் போயிருந்தேன். மூன்று பகுதிகள் கொண்ட அறிவுரை கைவசம் இருந்தது.

கம்பெனிக்காரர் முந்திக்கொண்டார். இசை பிரமாதம், வரிகள் பிரமாதம், பாடும் குரல் மட்டும் சரியில்லை என்றார். தகரத்தைக் கிழிப்பது போல இருக்கிறதாம். பிறகு சொன்னார்:

"நேத்து என் வீட்ல இன்டர்நெட் போச்சு. புகார் சொல்ல போன் பண்ணேன். முக்கால் மணி நேரம் ஒரு பொண்ணு லைன்ல இருங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. எனக்குக் கோபமே வரலைங்க. அப்படி ஒரு குரலைப் பிடிங்க, உடனே வெளியிட்டுடலாம்."

இடி கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டார். என் மருமகள் அந்த மனிதருக்கு அருகில் வந்தாள். தேனில் நனைத்த பஞ்சு போன்ற குரலில் சொன்னாள்: "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம். தயவுசெய்து லைனில் இருங்கள்."

ஆம், அவையோரே! பகலில் அவள் செய்யும் வேலை அதுதான். அந்த மனிதரை முக்கால் மணி நேரம் தாலாட்டியது, அவர் தகரம் என்று தள்ளிய அதே தொண்டை!

கம்பெனிக்காரருக்கு வெட்கம் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? மகிழ்ச்சிதான் வந்தது. "அப்ப வேற ஆளே வேண்டாம். இதே குரல்ல பாடிடும்மா" என்றார். மற்ற மூவரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் சரி என்றால் ஊரெங்கும் ஆல்பம்; இல்லையென்றால் குடோனும் டப்பாவும். அவள் என்னைப் பார்த்தாள்.

"மாமா, அந்தக் குரல்ல நான் சொல்றதுல ஒண்ணாவது உண்மையா? யாரோட போனும் அங்க முக்கியமில்ல. எழுதிக் குடுத்ததைப் படிக்கிறேன். இங்க கத்துறதுதான் நான் சொல்றது."

என் அறிவுரையின் மூன்று பகுதிகளும் அங்கேயே உயிர்விட்டன. கம்பெனிக்காரர் தன் சென்ட் வாசனையை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார். இவர்களே குடோனில் ஒலிப்பதிவு செய்தார்கள். அதுதான் இன்று வெளியாகும் இந்த முதல் ஆல்பம். தலைப்புப் பாட்டு அந்த இனிய அறிவிப்போடு தொடங்கும். அதன்பிறகு தகரம் கிழியும். தாய்மார்கள் பஞ்சைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வேலை போகாதா என்று சிலர் கவலைப்படுகிறார்கள். இவளை நீக்கச் சொல்லி மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு போன் செய்திருப்பதாகக் கேள்வி. அவர் இன்னும் லைனில் இருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். நாம் எங்கே காத்திருக்கவில்லை? மருத்துவமனை வாசலில் காத்திருந்தோம். வங்கி வரிசையில் காத்திருந்தோம். இதோ வந்துவிடுவார் என்று சொல்லப்பட்ட அதிகாரியின் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். இதற்குப் பொறுமை என்று பெயர் வைத்தோம், பெயர் வைத்துப் பெருமைப்பட்டோம்! பூப்போன்ற குரலில் சொன்னால் பொய்யும் நமக்கு மரியாதை. கரகரத்த குரலில் சொன்னால் உண்மையும் நமக்கு இரைச்சல்! கேட்கக் கசக்கிறது என்கிறீர்களே, கேட்க இனிப்பதற்காகவா கத்துகிறாள்? கேட்க வைப்பதற்காகக் கத்துகிறாள்!

ஆல்பத்தை முதலில் கேட்டவள் என் தங்கை, அதுவும் காதில் பஞ்சோடு. கணவர் போனபின் குடும்ப ஓய்வூதியத்துக்காக, போனை ஸ்பீக்கரில் போட்டு, தையல் மெஷினில் வைத்துவிட்டு, இரண்டு ரவிக்கை தைத்து முடிக்கும்வரை காத்திருக்கிறவள். பாட்டு வந்தது. கத்தல் வந்தது. மிதித்துக்கொண்டிருந்த காலை நிறுத்தினாள்.

"யாரைப் பார்த்துடி இப்படிக் கத்துற?"

"உனக்கும் சேர்த்துத்தாம்மா கத்துறேன்."

தங்கை ஒரு காதுப் பஞ்சை எடுத்தாள். பிறகு மற்றதையும் எடுத்தாள்.

"அப்ப இன்னும் கொஞ்சம் சத்தமா வை."

இதோ, முன்வரிசையில் பஞ்சில்லாமல் அமர்ந்திருக்கும் ஒரே தாய் அவள்தான். தலைவர் கடிகாரத்தைக் கழற்றிக் கையிலேயே பிடித்துவிட்டார். எனவே, பேச இடம் தந்த தலைவருக்கும், வாசிக்க இடம் தந்த பெயிண்ட் கடைக்காரருக்கும், பின்வரிசைத் தம்பிக்கும், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்:

இதுவரை பொறுமையுடன் காத்திருந்தமைக்கு நன்றி. உங்கள் அழைப்பு இப்போது இணைக்கப்படுகிறது. வணக்கம்.