கடைசியில் நடக்கிறவள்

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் தீர்த்தகிரி அவர்களே, வாசகசாலை ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்த பெருமக்களே, அந்தப் பந்தலின் நிழலை முழுதாகப் பிடித்துக்கொண்ட ஆண்களே, நிழல் கிடைக்காமல் வெயிலில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பொம்மிடிச் சந்தை கலைந்த பின்னும் மலையேறாமல் கூடையோடு கடைசியில் உட்கார்ந்திருக்கும் வத்தல்மலைச் சகோதரிகளே, எல்லோருக்கும் சாலம்மாளின் வணக்கம். கடைசியில் சொன்னவர்களுக்கே முதல் வணக்கம்.

துப்பறியும் நாவல் எழுதுகிறவள் என்று சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். கொலை செய்வது எப்படி என்று சொல்லித் தருவாள் என்று யாராவது வந்திருந்தால் மன்னிக்க வேண்டும். இன்றைக்கு அந்தப் பாடம் இல்லை.

என் தொடர்கதையின் நாயகி ராமக்கா. படித்தவர்களுக்கு அவளைத் தெரியும், படிக்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு கொலையைக் கண்ணால் கண்ட விதவை ஒருத்தி இருக்கிறாள். கோர்ட்டில் அவள் வாய் திறந்தால் ஒரு மிராசுதாரின் கழுத்துக்குக் கயிறு. கோர்ட்டு வாசல் சேரும்வரை அவள் உயிரைக் காக்க வந்த மெய்க்காவல்காரிதான் ராமக்கா. கையில் ஒரு கோல். பேச்சு குறைவு, வீச்சு அதிகம்.

இவளைப் படைத்த பாவத்துக்கு என்னைப் பேட்டி காண வந்தார்கள். சென்னையிலிருந்து ரயிலேறி வந்த முதல் பத்திரிகைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "கதையை எழுதித் தருவது உங்கள் வீட்டுக்காரரா?" எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்றேன். "அப்படியானால் தகப்பனாரா?" என்றார். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

இரண்டாமவர் பாராட்ட வந்தவர். அவர் சொன்னதைக் கேளுங்கள். "உங்கள் ராமக்கா எவ்வளவு வீரமுள்ளவளாக இருந்தும், நடக்கும்போது எல்லோருக்கும் பின்னால்தான் நடக்கிறாள். பெண்மைக்குரிய அடக்கத்தை விடாமல் காட்டியிருக்கிறீர்கள். அருமை."

அடக்கமா அது? ஐயா, அடக்கமா அது?

வத்தல்மலையிலிருந்து புளியும் தேனும் கடுக்காயும் சுமந்து பெண்கள் சந்தைக்கு இறங்குகிறார்கள். ஒற்றையடிப் பாதை. ஒருத்தி பின்னால் ஒருத்தி. அடிவாரத்தில் காட்டிலாகாவின் காவலர், பாரஸ்டு கார்டு ஒருவர் நிற்பார். எல்லாக் கூடையையும் கிளறுவார். எல்லோரையும் விடுவார். கடைசியில் வருகிறவளை மட்டும் 'சோதனை' என்று நிறுத்திக்கொள்வார். முன்னால் போனவர்களுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இருக்காது. அதனால் கடைசி இடத்துக்குப் பெண்கள் பயந்தார்கள். கிழவிகளும் கர்ப்பிணிகளும்கூட முந்தி முந்தி ஓடினார்கள். ஒருத்தி மட்டும் ஓடவில்லை. "நீங்க போங்கடி, கடேசில நான் வரன்" என்று கோலை ஊன்றி நின்றாள். அன்று முதல் அந்த வரிசையின் வால் அவள்தான். வரிசையின் வேலியும் அவள்தான்.

அவள் பெயர் கருப்பி. அதோ, கூடைகளுக்கு அந்தப் பக்கம். எட்டிப் பார்க்கிறீர்கள். இத்தனை ஒல்லியா என்று பார்க்கிறீர்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். பிறகு ஒரு நாள் அந்த வரிசையில் அவளுக்கு முன்னால் நடந்தேன். முதுகுக்குப் பின்னால் பயம் இல்லாமல் நடப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ராமக்கா பிறந்தது அங்கே.

இப்போது கதையை விட்டுவிடுகிறேன். போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் கார்டு கருப்பியைப் பார்த்து, "நீ போ, இவ நிக்கட்டும்" என்று முன்னால் நின்ற ஒரு பெண்ணின் கையைப் பிடித்தார். யார் கையை என்று நான் சொல்ல மாட்டேன்; அது அவள் சொல்ல வேண்டியது. கருப்பி போகவில்லை. "கைய வுடுங்க" என்றாள். விடவில்லை. மறுபடி சொன்னாள். விடவில்லை. கோல் இறங்கியது. பிடித்த கையின் எலும்பு முறிந்தது.

கார்டு என்ன புகார் கொடுத்தார் தெரியுமா? "கடத்தல்காரன் ஒருவன் புதருக்குள்ளிருந்து பாய்ந்து அடித்தான்." ஒருவன். ஆண். ஒரு பெண் அடித்தாள் என்று எழுதிக்கொடுக்க அவருடைய மீசை இடம் கொடுக்கவில்லை. போலீசார் மலையேறினார்கள். கருப்பியின் புருஷன் சின்னன் வாட்டசாட்டமாக இருந்தான். பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று அவன் மலைமேல் சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவன்.

கருப்பி தன் கோலோடு காவல் நிலையத்துக்குப் போனாள். "அவுரு இல்லீங்க. நான்தான் அடிச்சன்" என்றாள். அதிகாரி சிரித்தார். "புருசனக் காப்பாத்தப் பொய் சொல்ல வந்துட்டியா? போம்மா, வூட்டப் பாரு." அதற்கு அவள் சொன்னாள்: "பொய்யின்னா உங்க கையக் குடுங்க, எப்பிடி அடிச்சன்னு காட்டறன்." கையைக் கொடுக்கவில்லை. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

அதே வாரம் என் தொடர்கதையை அச்சிடும் பத்திராதிபர் சென்னையிலிருந்து சொல்லி அனுப்பினார். காகிதத்துக்குத் திண்டாடும் காலம் இது, வாசகர் நம்பாத கதைக்குக் காகிதம் செலவழிக்க முடியாதாம். கடைசி அத்தியாயத்தில் ராமக்கா முக்காட்டைக் களைய வேண்டுமாம். உள்ளே இருப்பது ஓர் ஆண், பெண் வேஷம் போட்ட துப்பறிவாளன் என்று முடிக்க வேண்டுமாம். சென்னையிலே ஒரு நாற்காலி, மலையடிவாரத்திலே ஒரு நாற்காலி. இரண்டிலும் உட்கார்ந்திருப்பது ஒரே புத்தி.

என்ன சென்னப்பன் அண்ணா? உரக்கச் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும். "கத பேசக் கூப்புட்டா கேசு பேசறியே, தாயி." ஆமாம் அண்ணா. கதையில் நம்பாதவர்கள் கேசிலும் நம்பவில்லை, அதனால் பேசுகிறேன். தலைவர் மணியைத் தொடுகிறார். தொடட்டும். அடிப்பதற்குள் முடித்துவிடுகிறேன்.

ஏன் அவளை ஆணாக்கத் துடிக்கிறார்கள்? ஆண் அடித்தால் அது கடத்தல், கலகம், கள்ளத்தனம். கதவைப் பூட்டிவிட்டுத் தூங்கலாம். பெண் அடித்தாள் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி எழும். ஏன் அடித்தாள்? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் புதருக்குள் ஓர் ஆணை ஒளித்துவைத்தார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சின்னன் உள்ளே இருக்கிறான்.

உண்மை வெளிவந்தால் நீ உள்ளே போவாயே என்று கருப்பியைக் கேட்டேன். "போறன். ஏன் அடிச்சன்னு கேக்கட்டும், அந்தாளு மூஞ்சியப் பாத்துச் சொல்றன். செய்யாதவன் எதுக்கு உள்ள குந்தணும்?" என்றாள்.

வரும் திங்கட்கிழமை தருமபுரிக் கோர்ட்டில் விசாரணை. அவள் ஒருத்தி சொன்னால் மறுபடியும் சிரிப்பார்கள். அந்த வரிசையில் நடந்தவர்களே, நீங்கள் பார்த்தீர்கள். சொன்னால் மானம் போகும் என்று வீட்டில் வாயை அடைத்திருக்கிறார்கள். யாருடைய மானம், தாயே? பிடித்தவன் மானமா, பிடிபட்டவள் மானமா? அன்று நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் இந்த மேடையில் நின்று உங்களைக் கெஞ்ச மாட்டேன். உங்களுக்குப் பின்னால் நின்றவளுக்கு முன்னால் நிற்க ஒருத்தி, ஒரே ஒருத்தி இல்லையா?

பொறுங்கள். யார் எழுவது? முனியாயியா? சத்தம் போடாதீர்கள், அவள் பேசட்டும்.

"என் கையத்தான் புடிச்சாரு. நான் வரன்."

கேட்டீர்களா? பந்தலுக்குள்ளிருந்து அவளுடைய வீட்டுக்காரர் கத்துகிறார், "உக்காருடி" என்று. அவள் என்ன செய்கிறாள் பாருங்கள். நேரே அவரிடம் போகிறாள். "இந்தா, கூடையப் புடி." பிடித்துக்கொண்டார். அவருக்கும் என் நன்றி. அதோ, இன்னொருத்தி எழுகிறாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி.

பத்திராதிபருக்கு இந்த மேடையிலிருந்தே பதில் சொல்லிவிடுகிறேன். ராமக்கா பெண்ணாகத்தான் கோர்ட்டு வாசல் சேருவாள். அச்சிட மனமில்லையென்றால் கடைசி அத்தியாயத்தை நீங்கள் தருமபுரிக்கு வந்து கண்ணால் படித்துக்கொள்ளலாம்.

தலைவர் அவர்களே, இனி மணியை அடியுங்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு என் நன்றி. எழுந்து நின்றவர்களுக்கு என் வணக்கம். திங்கட்கிழமை காலையில் வரிசை புறப்படும். முனியாயி முன்னால் நடப்பாள். கருப்பி, நீ வழக்கம்போலக் கடைசியில் வா. இந்த ஒரு தடவை உனக்குப் பின்னால் நான் வருகிறேன்.