எழ மறுத்த அரசி

எல்லோருக்கும் லேசாகக் கண் சொருகுகிறது, தெரிகிறது... அதனால் ஒரு குட்டிக் கதை சொல்கிறேன், கேளுங்கள்.

நானூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பா. அங்கே ஒரு குளிர் தேசம். வரைபடத்தில் தேடாதீர்கள், கதைக்காக நான் கட்டிய தேசம்! அந்த நாட்டு ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டுக் கடல் கடந்து வந்தாள் ஹெட்விக் என்ற பெண். வயது பதினாறு. பேருக்குப் பட்டத்து அரசி... ஆட்சியில் பங்கு உண்டா? இல்லை. சபையில் பேச்சு உண்டா? அதுவும் இல்லை. கூட வந்த ஒரே சொந்த ஊர்க்காரி, பணிப்பெண் கிர்ஸ்டன்.

வழியில் புயல். கப்பல் ஆடியபோது கிர்ஸ்டன் பயந்துபோய்த் தன் பாஷையில் ஜெபம் செய்தாள். மாலுமிகளுக்குப் புரியவில்லை. புரியாததை என்னவென்று சொன்னார்கள்? "மந்திரம்! புயலைக் கூப்பிட்டதே இவள்தான்! சூனியக்காரி!" கரை இறங்கியதும் சிறை. உயிரோடு எரிக்க வேண்டும் என்று தீர்ப்பு.

மறுநாள் மதியம் கல்யாண விருந்து. அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். புது அரசி ராஜா முன்னால் மண்டியிட்டு ஒரு வரம் கேட்க வேண்டும். அவள் எழும்வரை யாரும் உட்காரக் கூடாது, உணவைத் தொடக் கூடாது. சடங்குகளைக் கவனிக்கும் அதிகாரி ஓட்டோ, காலையிலேயே பாடம் நடத்திவிட்டார்.

"முத்துமாலை கேளுங்கள் மகாராணி. ராஜா 'தந்தேன்' என்பார். எழுந்துவிடுங்கள். அவ்வளவுதான்."

"முடியாது என்றால்?"

ஓட்டோ சிரித்தார். "அப்போதும் எழ வேண்டியதுதானே!"

விருந்து வந்தது. ஹெட்விக் மண்டியிட்டாள். கை நடுங்குகிறது... உதடு நடுங்குகிறது...

"கிர்ஸ்டனின் உயிரைக் கொடுங்கள்."

"முடியாது" என்றார் ராஜா.

"சூனியக்காரிக்கா? கூடவே கூடாது!" என்றார் பக்கத்தில் நின்ற தேவாலயத்தின் ஆயர். தீர்ப்புச் சொன்னவரே அவர்தான்.

இப்போது அரசி எழ வேண்டும். எழுந்தாளா? எழவில்லை!

ஓட்டோ ஓடி வந்தார். "மகாராணி, முடிந்துவிட்டது. எழுந்திருங்கள்."

"நான் இன்னும் கேட்டு முடிக்கவில்லை."

"எவ்வளவு நேரம் கேட்பீர்கள்?"

"அவர் கொடுக்கும்வரை."

அரசியைத் தொட்டுத் தூக்க யாருக்குத் துணிவு வரும்? நிற்கிறார்கள்... நிற்கிறார்கள்... வறுத்த வாத்து ஆறிப்போனது. சூப்பில் ஆடை படிந்தது. தளபதி கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார். திடீரென்று கடகடவென்று ஒரு சத்தம். யார் வயிறு? ஆயரின் வயிறு!

"மன்னா... யோசித்துப் பார்த்தால்... அது ஜெபமாகவும் இருந்திருக்கலாம்."

"நேற்று சூனியம் என்றீரே?"

"நேற்று நான் சாப்பிட்டிருந்தேன் மன்னா!"

சபையே சிரித்தது. ராஜாவாலும் அடக்க முடியவில்லை. "சரி, விடுதலை! எழுந்திரு."

"அவள் இங்கே வரட்டும். அப்புறம் எழுகிறேன்."

விலங்கைக் கழற்றி அழைத்து வந்தார்கள். ஹெட்விக் எழப் பார்த்தாள். கால்கள் மரத்துப்போயிருந்தன. கிர்ஸ்டன் ஓடி வந்து இரண்டு கைகளாலும் அணைத்து நிறுத்தினாள்.

"என்னம்மா, இப்படி நடுங்குகிறீர்கள்?"

"காலையிலிருந்தே இப்படித்தான்டி!"

தோழிகளே... அந்தப் பெண்ணுக்குப் பயம் போய்விட்டதா? போகவே இல்லை. பயத்தோடுதான் கேட்டாள். ராஜா மறுத்தபோதும் பயத்தோடு அங்கேயே இருந்தாள். நாம் என்ன செய்கிறோம்? "அப்பா, நான் மேலே படிக்கணும்" என்கிறோம். "வேண்டாம்" என்கிறார்கள். உடனே பாத்திரம் கழுவப் போய்விடுகிறோம்! போகிறோமா இல்லையா? ஒரு 'முடியாது' வந்தால் பேச்சு முடிந்தது என்று நமக்கு யாரோ பழக்கிவிட்டார்கள். பேச்சு முடியவில்லை தோழிகளே! குரல் நடுங்கினால் நடுங்கட்டும். அந்தக் குரலிலேயே மறுபடி கேளுங்கள். நாளைக்கும் கேளுங்கள். 'சரி' என்ற சொல் அவர்கள் வாயிலிருந்து வரும்வரை... இடத்தை விட்டு நகராதீர்கள்!