அழுமூஞ்சி மரத்துக்குத் தண்ணி

அந்த மரம் அழலைங்க ஐயா. மொதல்ல அதை எழுதிக்கிடச் சொல்லுங்க. பாக்குறவுகளுக்கு அழுவுற மாதிரி இருக்கும், கெளையெல்லாம் தலையை விரிச்சுப் போட்டாப்பல கீழ தொங்கும். அதோட சுபாவம் அது. எனக்குச் சிங்களமும் வரும். ஆனா மரத்தைப் பத்தித் தமிழ்ல பேசினாத்தான் எனக்குத் திருப்தி. உங்க ஆளு மாத்தி எழுதிக்கிடட்டும்.

ராக்காயியை விட்டுடுங்கன்னு சொல்லத்தான் வந்தேன். கொழுந்தெடுக்கப் போற பொம்பளைக கைப்புள்ளைகளைப் பிள்ளைக்காம்பரால அவகிட்டதான் விட்டுட்டு மலையேறுறாங்க. அங்க மூணு புள்ளைக வயித்தால போயிச் செத்துப்போச்சு. ஆயா காய்ச்சாத தண்ணியைக் குடுத்துட்டான்னு மருந்தையா சொன்னாரு, நீங்களும் அவளைப் பிடிச்சுக் கொண்டாந்து ஸ்டேசன்ல வச்சுட்டீங்க. அவ மேல தப்பில்லைங்க. அதைச் சொல்லணும்னா மரத்துல இருந்து ஆரம்பிச்சாத்தான் வெளங்கும். தேத்தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க.

என் பேரு சோலைமலை. லிந்துலைப் பக்கம் பெரிய துரை பங்களாவுல பூந்தோட்டம் பாக்குறவன். இங்கிலாந்து ராணி வந்துட்டுப் போன வருசம் துரைசாணி அந்த ஜூனிப்பர் கன்னுகளைச் சீமையில இருந்து வரவழைச்சாங்க. நாங்க குடியிருக்குற லயத்துல அதுக்கு வச்ச பேரு அழுமூஞ்சி மரம். "வீட்டுல பொண்டாட்டி அழுவுறது பத்தலையாக்கும், மரம் வேற வளக்குறியா"ன்னு என்னைக் கேலி பண்ணாத ஆளில்லை. நானும் சிரிச்சுக்கிடுவேன். எனக்குக் கோவம் வராதுங்க, யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

சும்மா விட்டா அந்த மரம் தரையில படுத்துக்கிடும். நடுத்தண்டுக்குக் கம்பு நட்டு, கயித்தால பதமா கட்டி நிமித்தணும். நிமிந்தப்புறம் பக்கக் கெளைக தானா வழிஞ்சு எறங்கும். காஞ்ச முள்ளையெல்லாம் புள்ளைக்குப் பேன் பாக்குறாப்பல உக்காந்து பொறுக்குவேன். மூடுபனி வந்து நுனியில முத்து முத்தா நிக்கிறப்ப பாக்கணும் நீங்க. அடேயப்பா, பசி மறந்துபோகும். எனக்குப் புள்ளை குட்டி கெடையாது. அந்த மரங்கதான் எனக்கு எல்லாமே.

இந்த வருசம் நுவரெலியா சீசனுக்கு நடக்குற பூந்தோட்டப் போட்டிக்குத் துரைசாணி பேரு குடுத்துட்டாங்க. "சோலைமலை, கப்பு நமக்குத்தான்"ன்னு சொன்னாங்க. நமக்குன்னு சொன்னாங்க ஐயா. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலை, அவ்வளவு சந்தோசம்.

போதாத காலம், மாசியில வெயில் காஞ்சு அடிச்சுது. சொட்டு மழை கெடையாது. ஒரு மரத்துல நுனி செவந்துச்சு. செவந்த நுனி திரும்பப் பச்சையாகாது. தண்ணி பத்தலைன்னு எனக்குப் பட்டுச்சு. மாட்டுப்பட்டியில இருந்து பச்சைச் சாணியை அள்ளிக் கரைச்சு ஊத்தி, மேல தண்ணியும் விட்டேன். இன்னும் செவந்துச்சு. இன்னும் விட்டேன்.

பங்களாவுக்கு மேல ஊத்துத் தொட்டி இருக்கு. அதுல ரெண்டு குழாய். ஒண்ணு பங்களாவுக்கு, ஒண்ணு லயத்துச் சனம் தண்ணி பிடிக்கிற பீலிக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும். தொட்டிச் சாவி என்கிட்டதான். ஊத்துல வர்றதே கொஞ்சம், அதுல பாதி கீழ போனா மரத்துக்கு என்ன மிஞ்சும்? லயத்துக் குழாய் வாயில சாக்கைச் சுருட்டி வச்சு, களிமண்ணைப் பூசிவிட்டேன். போட்டி முடியிற வரைக்கும்தானே. பெரியவுக எங்கயாவது போயித் தண்ணி எடுத்துக்கிட மாட்டாங்களா என்ன.

மறுநாளே ராக்காயி வந்தா. நல்ல பொம்பளை, என்னை வாய் நெறைய அண்ணேன்னு கூப்பிடுவா.

"அண்ணே, பீலியில சொட்டுத் தண்ணி வரலை. மேல என்னான்னு பாத்தீங்களா?"

"ஊத்து வத்திப்போச்சு தாயி. நான் என்ன செய்ய?"

"புள்ளைக வாய் வறண்டு கத்துதுங்க அண்ணே. பங்களாவுல இருந்து ரெண்டு வாளி மட்டும் குடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

துரை கண்டா என் வேலை போயிடும்னேன். துரை அன்னைக்குக் கொழும்புல இருந்தாரு. அவ மூஞ்சி வாடிப்போச்சு. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு, நான் கல் மனசுக்காரன் இல்லைங்க. அதனால ஒரு வழி சொல்லிக் குடுத்தேன். "தோட்டத்துக்குக் கீழ காணு வாய்க்கால்ல தண்ணி ஓடுதுல்ல, அதைத் துணியில வடிகட்டிக் குடு"ன்னேன். அது என் மரம் குடிச்ச மிச்சம். சாணி கரைச்சு ஊத்தின தண்ணிதான் கசிஞ்சு அந்தக் காணுக்கு வருது. அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

அவ காய்ச்சித்தான் குடுத்திருக்கா, வெறகு இருந்த வரைக்கும். நாள் பூரா அத்தனை புள்ளைகளுக்கும் காய்ச்சுறதுக்கு வெறகுக்கு எங்க போவா?

மொதல்ல வீரய்யா மகன் போனான். பொணத்தைத் தூக்கிக்கிட்டுப் பங்களா ரோட்டுலதான் போனாங்க. நான் தொப்பியைக் கழட்டிக்கிட்டு மரத்தடியில நின்னேன். அன்னைக்குச் சாக்கை எடுத்துடலாம்னு தொட்டிகிட்ட போனேன் ஐயா, பொய் சொல்லலை. போட்டி சனிக்கெழமை, அன்னைக்கு வியாழன். இன்னும் ரெண்டே நாள்தானேன்னு திரும்பிட்டேன். வெள்ளிக்கெழமை இன்னொண்ணு. சனிக்கெழமை காலையில நாகலெட்சுமி. ராக்காயியோட சொந்த மக அது. அப்பத்தான் நடக்கப் பழகிக்கிட்டிருந்துச்சு. பங்களா வேலிக்குள்ள கையை விட்டு என் மரத்து நுனியைப் பிடிச்சு இழுக்கும், நான் வெரட்டுவேன், சிரிச்சுக்கிட்டே ஓடும்.

போட்டிக்குப் பாக்க வந்த வெள்ளைக்காரக் கெழவி மண்ணுக்குள்ள வெரலை விட்டா. துரைசாணிகிட்ட என்னமோ சொன்னா. பங்களாச் சமையக்காரர் இப்றாஹிம் நானாகிட்ட அர்த்தம் கேட்டேன். தண்ணி கூடிப்போச்சாம், வேரு அழுகிடுச்சாம், இந்த மரம் வறட்சியைத் தாங்குமாம், ஈரத்தைத்தான் தாங்காதாம். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஒரு நாளு வந்து வெரலை விட்டுப் பாக்குறவளுக்கு என்ன தெரியும்? கப்பு கெடைக்கலை. துரைசாணி மரங்களைப் பிடுங்கி எரிக்கச் சொல்லிட்டாங்க. அப்ப நான் அழுதேங்க. கேவிக் கேவி அழுதேன்.

அன்னைக்கு சாயங்காலமே சாக்கை எடுத்துவிட்டேன். பீலியில ஜோரா தண்ணி விழுந்துச்சு. ஊத்து மறுபடி கண் தெறந்துடுச்சுன்னு லயமே கும்பிட்டுச்சு.

எரிக்கிறதுக்கு முந்தி நல்ல நுனியாப் பாத்து மூணு கொப்பு ஒடிச்சு வச்சிருந்தேன். அதைக் கொண்டுபோயி மூணு புதைகுழி மேலயும் நட்டேன். யாரும் சொல்லி நடலை, நானாத்தான் நட்டேன். ராக்காயி என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. "ஒங்களுக்குத்தான் அண்ணே எம்புள்ளை நெனப்பு இருக்கு"ன்னா. அதுக்கப்புறம் தெனமும் போயி ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொம்பு தண்ணி ஊத்தினா. மூணும் நல்லா இருந்துச்சு. அந்த மரத்தோட வம்சம்னு இனி அந்த மூணுதான்.

நீங்க அவளைக் கூட்டிக்கிட்டு வந்ததுல இருந்து நான்தான் ஊத்துறேன். குடம் குடமா ஊத்துறேங்க, கொறையே வைக்கலை. ஆனா நுனி செவக்குது. என்னான்னு தெரியலை, என் கைக்கு அது கேக்க மாட்டேங்குது. அவ கைக்குத்தான் கேக்குது.

அதனாலதான் வந்தேன். சாக்கு வச்சது நான், காணுத் தண்ணியைக் குடுக்கச் சொன்னது நான், மூணு புள்ளைகளும் என்னாலதான் செத்துச்சுன்னு எழுதிக்கிடுங்க, ரேகை வைக்கிறேன். என்னை வச்சுக்கிட்டு அவளை இன்னைக்கே அனுப்பிடுங்க ஐயா. நேரா கன்னுககிட்ட போகச் சொல்லுங்க. வாயில்லாத ஜீவன், தண்ணின்னு கேக்கத் தெரியாது. அது தவிச்சுக் கெடக்குறதைப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனசு வராதுங்க.