முள்ளு ஆடுது மச்சான்

அதுல உக்காராதம்மா, டீசல் டப்பா அது. சேலையெல்லாம் நாறிப்போகும். இந்தப் பலகையில உக்காரு. சாப்பாட்டுப் பையை அந்த ஆணியில மாட்டு, கீழ வச்சா எறும்பு மொய்க்கும். சாப்பிடறேன், சாப்பிடறேன். இந்தக் கையோட சோத்துல கை வைக்கவா? பாரு, முழங்கை வரைக்கும் எருமைதான்.

எருமைன்னா தெரியாதா? பதினெட்டு நாளா என் வீட்டுல இருக்க, தூக்கத்துலகூட நான் அதைத்தான் திட்றேனாம், உங்க அண்ணி சொல்லலையா? இதோ நிக்குதே, மஞ்சப் பெயிண்ட் உரிஞ்சு, மூக்குல மண்ணு அப்பிக்கிட்டு. என் கல்யாணத்துக்கு முன்னாடி வந்த புல்டோசர். சொன்ன பேச்சு கேக்காது, ஆனா இழுத்தா மலையை இழுக்கும்.

இரு, ஏந்திரிக்காத. குடுத்துட்டு ஓடறதுக்கு நீ என்ன தபால்காரியா? உன் புருஷனைப் பத்திப் பேச மாட்டேன், போதுமா? இந்த எருமையைப் பத்தித்தான் பேசப்போறேன். அண்ணன் ஒரு வேலை முடிச்சிருக்கேன், அதைக் காது குடுத்துக் கேக்கக் கூடாதா நீ?

அன்னிக்கு அவன் ஓட்டிக்கிட்டு மண்மேட்டுல பாதி ஏறும்போது நின்னுடுச்சு. ஸ்டார்ட் பண்ணினா டொக்குன்னு ஒரு சத்தம், அதோட சரி. ஆளாளுக்குப் பேட்டரின்னாங்க. பேட்டரி கல்லு மாதிரி இருக்கு. அப்புறம் நீளக் கம்பியைக் குடுத்து இன்ஜினைக் கையால சுத்திப் பார்த்தோம். நானு, வெல்டர், டயர்காரன், மூணு பேரும் வௌவால் மாதிரி தொங்கினோம். நூல் அளவு அசையல. பிடிச்சுக்கிச்சு. பிடிச்சுக்கிச்சுன்னா, சுத்துற இரும்பும் அதைத் தாங்குற இரும்பும் சூட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போறது. ஆயில் இல்லாத எடத்துலதான் அப்படி நடக்கும்.

சூப்பர்வைசர் இடுப்புல கையை வச்சுக்கிட்டு நின்னார். எதனாலய்யான்னு கேட்டார். நான் அப்ப குனிஞ்சுகூடப் பார்க்கல. ஆயில் பார்க்காம ஓட்டியிருப்பான்னு சொன்னேன்.

ஆமா, நான்தான். வேற யாருன்னு நெனச்ச?

முறைக்காதம்மா. எந்த மெக்கானிக்கா இருந்தாலும் வாயில முதல்ல அதுதான் வரும். காய்ச்சல்னு போனா டாக்டர் கொசுன்னு சொல்றாருல்ல, அந்த மாதிரி. ஆனா அவர் அதைப் பேப்பர்ல எழுதிக்கிட்டார். சாயங்காலம் அவனை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. அவன் என் பக்கம் திரும்பி ஒரே ஒரு தடவை பார்த்தான். சட்டையை உதறிப் போட்டுக்கிட்டுப் போயிட்டான்.

சரி சரி, எருமைக்கு வர்றேன்.

மறுநாள் ஆயில் குச்சியை உருவினேன். மேல் கோடு வரைக்கும் ஆயில் நிக்குது. அப்பவும் எனக்கு நம்பிக்கையில்ல. நின்னதுக்கப்புறம் ஊத்தி வச்சிருப்பான் கள்ளன்னுதான் நெனச்சேன். மனசு எப்படிப் போகுது பாரு. ரேடியேட்டரைத் திறந்தா தண்ணியும் தளும்புது. சரி, உள்ள தண்ணி இறங்கி அடைச்சிருக்குமோன்னு மேல டீசல் பீச்சற நாசில் எல்லாம் கழட்டிப் பார்த்தேன், சொட்டுத் தண்ணியில்ல. கியர்ப் பக்கம் ஏதாச்சும் சிக்கியிருக்குமோன்னு கிளட்சை விடுவிச்சுப் பார்த்தேன். ஊஹூம். நோவு இன்ஜினுக்கு உள்ளதான்.

அப்புறம் ஆயிலை இறக்கினேன். வெயில்ல பிடிச்சுப் பார்த்தா தூள் தூளா மினுங்குது, செம்புப் பாத்திரத்தை அரம் போட்டு ராவின மாதிரி. புது ஆயில் ஊத்தியிருந்தா இப்படிக் கருத்து, தூள் கலந்து நிக்காதும்மா. அவன் ஆயில் பார்த்துத்தான் ஓட்டியிருக்கான். ஆயில் இருந்திருக்கு, மேல ஏறல. பானை நிறைய தண்ணி இருந்து, குடிக்கப் போன வாய் அடைச்சுக்கிட்டா எப்படி, அப்படி.

அப்பதான் எனக்கு அந்த முள்ளு ஞாபகம் வந்துச்சு.

ஓட்டுறவன் முன்னாடி ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும், ஏறிப் பாரு, தெரியும். ஆயில் ஓடுதா இல்லையான்னு அந்த முள்ளுதான் சொல்லும். நிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அவன் என்கிட்ட வந்தான். முள்ளு ஆடுது மச்சான், இறங்குது, நிறுத்திட்டு மறுபடி போட்டா சரியாயிடுது, கொஞ்சம் வந்து பாருன்னான். நல்ல மரியாதையாத்தான் கேட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? முள்ளு ஆடல மாப்ள, நீதான் ஆடுற, நேத்து ஊத்தினது இன்னும் இறங்கலன்னேன்.

ஒரே சிரிப்பு. வெல்டர் முகமூடியைத் தூக்கிட்டுச் சிரிக்கிறான். டயர்காரன் தொடையைத் தட்டறான். அவனும் ஒரு மாதிரி சிரிச்சுட்டுப் போனான். ரெண்டாவது தடவை வந்தப்ப நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்ல, மத்தவங்களே சொல்லிட்டாங்க. ஆடுற முள்ளுன்னு பேரே வச்சுட்டாங்க. மூணாவது தடவை அவன் வரல.

தெரியும்மா. அவன் குடியை விட்டு ரெண்டு வருஷமாச்சுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சொன்னேன். சிரிப்பாங்கன்னு சொன்னேன். மாப்பிள்ளையைச் சீண்டாத மச்சான் உண்டா? அந்தப் பேச்சு ஷெட்டோட நின்னிருந்தா பரவால்ல. வெல்டர் அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லி, அவ கடையில உன்கிட்ட சொல்லி... வேலை போனதும் நீயும் ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுட்ட. பெட்டியைத் தூக்கிட்டு வந்து, வாசல்ல செருப்பைக்கூடக் கழட்டாம என்கிட்ட கேட்டியே, அண்ணா, அவர் மறுபடியும் குடிக்கிறாரா, நீ கூடவே இருக்கியே, சொல்லுன்னு.

எனக்கென்னம்மா தெரியும்னேன்.

ம். அதுதான் சொன்னேன். நாலு வார்த்தைகூட இல்ல, ரெண்டே வார்த்தை.

அழாத. அழுதா நான் மீதியைச் சொல்ல மாட்டேன், எனக்கு வராது. மூக்கைத் துடை. அதுல துடைக்காத, கிரீஸ்.

அடியில ஒரு தகடு இருக்கும், நாலு ஆள் கனம். அதை ஜாக்கி வச்சு இறக்கினேன். அதுக்கு மேல ஆயில் நிக்கிற தொட்டி, சேம்பர்னு சொல்வோம். அதையும் கழட்டிட்டுப் படுத்துக்கிட்டே லைட் அடிச்சுப் பார்த்தேன். மூணாவது பேரிங், அதான் தாங்குற இரும்பு, வெந்து, சுத்துற கிராங்கோட ஒட்டி, நீலம் பாரிச்சுக் கெடக்குது. அதை உளி வச்சுப் பிரிக்கவே ஒரு நாளாச்சு. கிராங்கை லேத்துக்கு அனுப்பி, தேய்ச்சு வாங்கி, புது பேரிங் போட்டு, ஒவ்வொரு போல்ட்டா முறுக்கி, இன்னிக்குக் காலையில ஸ்டார்ட் பண்ணிட்டேன். ஒரே தடவைதான். சிங்கம் மாதிரி எழுந்துச்சு. முள்ளு ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. சூப்பர்வைசர் வந்து என் முதுகைத் தட்டினார். நாளைக்குப் புது ஆபரேட்டர் வர்றான், அவன் கையில குடுத்துடுன்னார்.

எனக்கு அந்த முள்ளைப் பார்க்க முடியலம்மா.

எது அடைச்சுதுன்னு கேக்கறியா? அதுக்குத்தான் வர்றேன். ஆயிலை உறிஞ்சற வாய்ல ஒரு சல்லடை உண்டு. அதுல துணி. ஊறி, கருத்து, நல்லாச் சுத்திக்கிட்டு இருந்துச்சு. இன்ஜின் ஓடுனா உறிஞ்சி வாயை மூடிக்கும், நிறுத்தினா தானா விழுந்துடும். அதனாலதான் முள்ளு ஆடுச்சு. அவன் சொன்னது அத்தனையும் சத்தியம்.

துணி எப்படிப் போச்சுன்னா... மேல மூடியைக் கழட்டி வேலை பார்க்கும்போது, நட்டு எதுவும் உள்ள விழுந்துடக்கூடாதுன்னு ஆயில் இறங்கற ஓட்டையில துணியை அடைப்போம். எல்லா மெக்கானிக்கும் செய்யறதுதான். ஆனா துணியோட வாலு வெளிய தெரியணும், கம்பியில கட்டியிருக்கணும். இந்த ஷெட்டுல அந்தச் சட்டம் போட்டவனே நான்தான். வால் தெரியாம துணி வச்சவனை நான் எத்தனை தடவை அசிங்கப்படுத்தியிருக்கேன், வெல்டரைக் கேளு. அவனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அவனைக்கூடத் திட்டியிருக்கேன்.

எருமையோட மூடியைக் கடைசியாக் கழட்டினது அது நிக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி. என்னைத் தவிர அதை யாரும் தொடறதில்ல.

அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு எட்டு நாளா யோசிக்கறேன். ஒரு போன் வந்திருக்கும், யாராச்சும் கூப்பிட்டிருப்பாங்க, உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்னு ஒரு காரணம் தேடறேன். ஒண்ணும் கிடைக்கல. சும்மா மறந்திருக்கேன்.

எட்டு நாள்தான். ஆமா, எட்டு நாளா அந்தத் துணியை ஒளிச்சு வச்சிருக்கேன். தூக்கிப் போட ரெண்டு தடவை அடுப்பு வரைக்கும் போனேன். போடலல்ல? அதையும் கொஞ்சம் கணக்குல எடுத்துக்க.

அந்த டூல்ஸ் பெட்டியைத் திற. அடித்தட்டு. ஸ்பேனரை எல்லாம் ஒதுக்கு. அந்தக் கவர்தான். விரல் நுனியில பிடி, கருப்பு போகாது. பஞ்சு வேஸ்ட்னா இழை உதிரும்னு நான் சேலைத்துணிதான் வச்சுக்கறது, உனக்குத்தான் தெரியுமே. ஓரத்தை மட்டும் பிரிச்சுப் பாரு. பச்சையில மஞ்சப் புள்ளி. நீ கிழிச்சு, நாலா மடிச்சுக் குடுத்த சேலைதாம்மா.

குடு அதை. ஆபீஸ்ல மேனேஜர் மேசை மேல வைக்கணும், அவர் சாப்பிடப் போறதுக்கு முன்னாடி. ஷெட் வழியாத்தான் போகப்போறேன், சிரிச்சவங்க எல்லாரும் பார்க்கட்டும். நீ என்கூட வராத. அந்தப் பையை ஆணியிலேருந்து எடு, சோறு ஆறறதுக்குள்ள அவன்கிட்ட கொண்டு போ. பதினெட்டு நாளா என்ன சாப்பிட்டானோ.