எரிமலைக்காரங்க கொடுத்த மனு

சுத்திப் பாக்க வரலீங்க. நான் எரிமலை ஆராய்ச்சி பண்றவ. உங்க தீவு மலையைத்தான். ஆமாங்க, மேல இருக்குதே கண்காணிப்பு நிலையம், அதைப் பூட்டத்தான் போறாங்க, மார்ச் மாசக் கடைசியில. நீங்க விடுதி நடத்தறவங்க, எங்களுக்கு முன்னாடியே உங்க காதுக்கு வந்திருக்கும்.

சும்மா விட்டோமான்னா, இல்லீங்க. எங்க எரிமலை ஆய்வாளர் சங்கம் டோக்கியோவுல அமைச்சகத்துக்கே போய் மனு கொடுத்துச்சு, பூட்டாதீங்கன்னு. நானும் போனேன். அதை எழுதவே ஒரு கோடைகாலம் போச்சு. முதல்ல, வன்மையா எதிர்க்கிறோம்னு இருந்துச்சு. வன்மைக்கு என்ன ஆதாரம்னு ஒருத்தர் கேட்டாரு. சரி, எதிர்க்கிறோம்னு மட்டும் வெச்சோம். அத்தனை உறுப்பினரும் எதிர்க்கிறாங்களா, கேட்டுப் பாத்தீங்களான்னாரு இன்னொருத்தர். கடைசியில, கவலையோட கவனிக்கிறோம்னு போட்டோம். அதுக்கு யாரும் வாயைத் தொறக்கல. கவனிக்கிறதுதானே நம்ம பொழப்பு.

எங்க தலைவர் ஹிராத்சுகா ஐயா ஒரு பெட்டி பயறு இனிப்பு வேற வாங்கிட்டு வந்தாரு. அரசாங்க ஆளுங்க அதெல்லாம் தொடக் கூடாதாமே. வெளிய வந்து ஹிபியா பூங்காவுல உக்காந்து நாங்களே தின்னு தீத்தோம். நல்லாத்தான் இருந்துச்சு.

உள்ளயா? தலைவர் ரெண்டு கையாலயும் மனுவை நீட்டினாரு, அமைச்சகத்து ஆளுங்க ரெண்டு கையாலயும் வாங்கினாங்க, எல்லாரும் குனிஞ்சோம், போட்டோ எடுத்தாங்க. என்னைய முன்வரிசையில நிறுத்தினாங்க. இளம் ஆய்வாளர் ஒருத்தி படத்துல தெரியணுமாம். முப்பத்தெட்டு வயசுல என்னை இளசுன்னு சொல்றது எங்க சங்கம் மட்டுந்தாங்க.

அப்புறம் மிசோகுச்சின்னு ஒரு அதிகாரி, ரொம்ப மரியாதையான ஆளு, ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. ஐயா, நிலையத்தை மூடிட்டா, அடுத்த அஞ்சு வருஷத்துல மலை வெடிச்சிடுமா?

இதே இடத்துல மீனவர் சங்கத்து ஆளு உக்காந்திருந்தா மேசையைத் தட்டி, வெடிக்கும், பொணம் விழும், நீதான் பொறுப்புன்னு சொல்லிட்டு, ஒண்ணுக்கு ரெண்டு நிலையமா வாங்கிட்டு வந்திருப்பாரு. எங்க தலைவர் கண்ணை மூடி யோசிச்சாரு. வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம், கையில இருக்கற அளவுகளை வெச்சு வெடிக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னாரு. அந்த அதிகாரி பின்பாதியை மட்டும் குறிச்சுக்கிட்டாரு. லிஃப்ட் வரைக்கும் வந்து, கதவு மூடுற வரைக்கும் குனிஞ்சு வழியனுப்பினாரு.

மறுநாள் பத்திரிகையில, ஆபத்தில்லைன்னு ஆய்வாளர்களே ஒத்துக்கிட்டாங்கன்னு வந்துச்சு. எங்க சங்கத்து இணையதளத்துல, மனு சிறப்பாகச் சமர்ப்பிக்கப்பட்டதுன்னு வந்துச்சு. ரெண்டாவது செய்தி உண்மைதாங்க.

ஐயாவைத் திட்டாதீங்க, பாவம். அவர் சொன்னது சரிதான். என்னைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மலை இப்ப எப்படி இருக்குன்னா... இந்தக் குளிர்காலத்துல வடக்குச் சரிவு கொஞ்சம் உப்பியிருக்கு. கொஞ்சம்னா, நகக்கண் அளவு. அடங்கினாலும் அடங்கிடும். இதையெல்லாம் நான் தனியா வெளிய பேசக் கூடாதுங்க. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா ஜனங்க மிரண்டுடுவாங்கல்ல? எரிமலை எச்சரிக்கைன்னாலும் வானிலைத் துறைதான் விடணும். அவங்க இன்னும் விடல.

ரூமா? வேணாங்க, ராத்தங்கற மாதிரி வரல. என் வீட்டுக்காரரோட அம்மா பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடிதான் இருக்காங்க. ஆமாங்க, நோசே வீடு. அங்க ஓடித் திரியுதே ஒரு குட்டி, நாகி, அது எம்பொண்ணுதான். டோக்கியோவுல குழந்தைகள் காப்பகத்துல இடம் கெடைக்காம இங்க விட்டு வெச்சிருந்தேன். அவளைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். சாயங்காலம் நான் வந்த கப்பல்லயே திரும்பிடுவோம்.

இல்லீங்க, காப்பகத்துல இடம் இன்னும் கெடைக்கல. கெடைச்சிடுச்சுன்னு மாமியார்கிட்ட சொல்லியிருக்கேன். அவங்களையும் கொஞ்ச நாள் எங்ககூட வந்து இருங்கன்னு கேக்கணும். வருவாங்களோ என்னமோ, தோட்டத்துல முள்ளங்கி போட்டிருக்காங்க.

என்னங்க, அப்படிப் பாக்கறீங்க? நான் ஒண்ணும் சொல்லலீங்களே.

உங்க பேரன் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்கிறானா? சரி, சரி. சாயங்காலக் கப்பல்ல கூட்டமே இருக்காதாம். நிறைய இடம் இருக்கும்னு சொன்னாங்க. கேட்டு வெச்சிருக்கேன்.